எதுவும் கட்டக்கூடாத இடம்

ஹாமித் பாய் வரைபடத்தை மேசையில் விரித்தார். அது சுருண்டு சுருண்டு மூடிக்கொண்டே வந்ததால் ஒரு மூலையில் ஸ்டேப்ளரையும் எதிர் மூலையில் என் டீ டம்ளரையும் வைத்துவிட்டு, தரைத்தளத்தின் நடுவில் விரலை ஊன்றினார். சாய்கோடுகள் போட்ட பெரிய கட்டம் அது. அதற்குள் ஆங்கிலப் பெரிய எழுத்தில் இரண்டு வரி இருந்தது. இந்த இடம் காலியாக விடப்பட வேண்டும், எக்காரணம் கொண்டும் இங்கே எதுவும் கட்டக்கூடாது என்று அதற்கு அர்த்தம். கட்டட அனுமதி கொடுக்கிற சென்னை அலுவலகத்தின் வட்ட முத்திரை அந்த வரிகளின் மேல் பாதி ஏறி விழுந்திருந்தது.

"இத எழுதச் சொன்னது யாரும்மா?" என்று கேட்டார்.

யாரும் எழுதச் சொல்லவில்லை. நாகையா சார் என்னைப் பார்த்தார். நான் டீ டம்ளரைப் பார்த்தேன். எங்கள் ஆபீஸுக்குக் கீழே பிரஸ்ஸில் மெஷின் ஓடிக்கொண்டிருந்ததால் டீயில் சின்னச் சின்ன வட்டங்கள் வந்துகொண்டிருந்தன. அது 2007 ஜூன் மாதம். கீழே அடுத்த வருடத்துக் காலண்டர் வேலையை அப்போதே ஆரம்பித்திருந்தார்கள்.

நாகையா சார் சிவகாசியில் லைசென்ஸ் வைத்திருக்கும் சர்வேயர். நான் டிப்ளமோ சிவில் முடித்துவிட்டு இருபத்திரண்டு வயதில் அவரிடம் படம் வரையச் சேர்ந்தேன். பதின்மூன்று வருடம் ஓடிவிட்டது. கல்யாணம் ஏன் ஆகவில்லை என்று கேட்கிறவர்களுக்கு, ஆகவில்லை, அவ்வளவுதான் என்று சொல்லிவிடுவேன். நான் வரைந்ததில் முக்கால்வாசி பட்டாசுக் கம்பெனிகளின் லைசென்ஸ் படங்கள். அந்த வேலையில் கட்டடம் என்று பெரிதாக ஒன்றும் கிடையாது. பத்துக்குப் பத்தில் ஓர் அறை, எதிரெதிரே வெளிப்பக்கம் திறக்கிற கதவுகள், மேலே லேசான கூரை. மருந்து கலக்கிற அறையானாலும் திரி செருகுகிற அறையானாலும் அதே அச்சுதான். மூளையைச் செலவழிக்க வேண்டியதெல்லாம் ஓர் அறைக்கும் அடுத்த அறைக்கும் நடுவில் விடுகிற இடத்துக்குத்தான். அந்த இடத்துக்குச் சாய்கோடு போட்டு, எதுவும் கட்டக்கூடாது என்று எழுதி வைப்போம். ஓர் அறை வெடித்தால் அடுத்த அறை தப்பிப்பது அந்தக் காலி இடத்தால்தான். மற்ற ஊர்களில் படம் வரைகிறவர்கள் சுவரை வரைவார்கள். நாங்கள் இடைவெளியை அளந்து வரைந்துவிட்டு, மிச்சத்தில் சுவரை வைப்போம்.

அப்படிப்பட்ட ஆபீஸுக்கு ஹாமித் பாய் எட்டு மாடிக் கட்டடத்தைத் தூக்கிக்கொண்டு வந்தது எங்களுக்கே ஆச்சரியம். விருதுநகரில் அவர் குடும்பத்துக்கு மல்லி, வத்தல் வியாபாரம். சிவகாசி ரோடு பிரிகிற இடத்தில் அவர்களுடைய பழைய சரக்குக் கிட்டங்கி இருந்தது. அதை இடித்துவிட்டு ஊரிலேயே பெரிய கட்டடமாக ஒன்று எழுப்ப வேண்டும் என்று ஆசைப்பட்டார். நாகையா சாரோடு சேர்ந்து படித்தவர் என்பதால் வேறு எங்கும் போகவில்லை. தூண், கம்பி கணக்கெல்லாம் மதுரையில் ஓர் இன்ஜினியரைப் பிடித்துப் பார்த்துக்கொள்ளலாம், படம் மட்டும் நம்ம பிள்ளை வரையட்டும் என்று என்னைக் காட்டிச் சொன்னார். எனக்கு ஒரு மாடி வீட்டுக்கு மேல் வரைந்து பழக்கம் இல்லை. அதை நான் சொல்லவும் இல்லை.

எட்டு மாடியைக் கூட நாகையா சார் பொறுத்துக்கொண்டார். கீழ்த்தளத்தில் ஒன்றுமே வேண்டாம் என்று பாய் சொன்னதும்தான் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டார். பாயின் அக்கா மகன் சாபிர் சிங்கப்பூரில் இருக்கிறான். அவனைப் பார்க்கப் போன இடத்தில், அடுக்குமாடி வீடுகளின் கீழ்த்தளத்தைச் சுவரே இல்லாமல், தூண் மட்டும் நிறுத்திக் காலியாக விட்டிருந்தார்களாம். காலையில் வயசாளிகள் உட்கார்ந்து காய் நகர்த்தி விளையாடினார்களாம். ஒரே வாரத்தில் அதே இடத்தில் ஒரு கல்யாணப் பந்தியையும் ஒரு சாவையும் பார்த்தேன் என்றார். யாரிடமும் அனுமதி கேட்காமல் ஜனங்கள் பாட்டுக்கு வருகிறார்கள், உட்காருகிறார்கள், போகிறார்கள். நம் ஊரில் பஸ்ஸுக்கு நிற்கிறவன் கூட கடைக்காரன் முகத்தைப் பார்த்துக்கொண்டுதானே நிற்க வேண்டியிருக்கிறது என்று கேட்டார். கீழ்த்தளம்தானே பாய் பொன்னு விளைகிற பூமி, அதைப் போய்ச் சும்மா விடுவார்களா என்று நாகையா சார் எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். பாய் அசையவில்லை. ஆண்களின் கனவுகள் மேல் எனக்குப் பெரிய மரியாதை கிடையாது. அளவெடுத்துக் கோடு போட்டால் முக்கால்வாசி நிற்காது. ஆனால் அன்றைக்கு அவர் பேசியது எனக்குப் பிடித்திருந்தது.

இடத்தை அளக்க முந்தின வருடம் ஜனவரியில் ஒரு நாள் காலை ஆறரைக்கே போனேன். நேரமானால் லாரிகள் வந்து ரோட்டை அடைத்துக்கொள்ளும். கிட்டங்கியை இடித்துத் தரைமட்டமாக்கியிருந்தார்கள். அந்தப் பொட்டலின் ஓரத்தில் முப்பது நாற்பது பெண்கள் நின்றுகொண்டிருந்தார்கள். ஆளுக்கொரு தூக்குவாளி. சுற்றுவட்டாரத்தில் இருந்து நடந்து வந்து, பட்டாசுக் கம்பெனி வேனுக்காக நிற்கிறவர்கள். கிட்டங்கி இருந்த காலத்தில் அதன் வாசலில் நின்றிருக்கிறார்கள். இத்தனை வருடமாக நான் அறைக்கு நாலு பேர் என்று எண்ணிக்கையில் எழுதிக்கொண்டிருந்தேனே, அந்த நாலு பேர் இவர்கள்தான். இவர்களை இப்படி மொத்தமாகக் காலை வெயிலில் நான் பார்த்ததே இல்லை. கொஞ்சம் வெட்கமாக இருந்தது.

டேப்பின் ஒரு முனையைப் பிடிக்க ஆள் வேண்டியிருந்தது. சின்னத்தாய் என்கிற அம்மா வந்து பிடித்தாள். ஐம்பதுக்கு மேல் இருக்கும். நகக்கண்ணில் எல்லாம் வெள்ளி மருந்தின் சாம்பல் நிறம் ஏறியிருந்தது. என்ன வரப்போகிறது என்று கேட்டாள். மேலே எட்டு மாடி, கீழே யார் வேண்டுமானாலும் வந்து உட்காருகிற மாதிரி காலியாக விடப்போகிறோம் என்றேன். அவள் நம்பவில்லை. நம்பாததைக் காட்டிக்கொள்ளவும் இல்லை. உங்களுக்குக் கூட சிமெண்டில் பெஞ்சு போட்டுவிடுவோம் என்று நான் பெரிய மனுஷியாகச் சொன்னதும் சிரித்துவிட்டாள்.

"எங்களுக்கு உக்கார எடம் வேணாம் தாயி. நாள் பூரா தரையில உக்காந்துதான கெடக்கோம், முட்டி மடங்க மாட்டேங்கு. இந்த வாளிய வைக்க ஒரு எடமும், சாஞ்சு நிக்க ஒரு சுவரும் இருந்தாப் போதும். வாளிய மண்ணுல வச்சா நாய் வந்துருது. கையிலயே எம்புட்டு நேரம் பிடிச்சுக்கிட்டு நிக்கது?"

இதை எந்தப் புத்தகத்திலும் நான் படித்ததில்லை. தூணைச் சுற்றி இடுப்பு உயரத்தில் ஒரு திட்டு கட்டினால் வாளியும் வைக்கலாம், சாய்ந்தும் நிற்கலாம். அங்கேயே டேப்பை அவள் இடுப்புக்கு நேராக நிறுத்திப் பார்த்தேன். இரண்டே முக்கால் அடி. ஜாக்கெட்டுக்கா அளவு எடுக்கீக என்று பக்கத்தில் நின்றவள் கேட்டதும் எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வேன் வந்து ஹாரன் அடித்தது. ஏறப்போன சின்னத்தாய் திரும்பி, கட்டி முடித்த பிறகு எங்களை உள்ளே நிற்க விடுவார்களா என்று கேட்டாள். விடுவார்கள், நான்தானே படம் வரைகிறேன் என்றேன். எந்த தைரியத்தில் சொன்னேன் என்று தெரியவில்லை. சொல்லிவிட்டேன்.

மூன்று மாதம் அந்தப் படத்தோடு கிடந்தேன். பதினாறு தூண்கள். லிஃப்டை ஓரத்துக்குத் தள்ளினேன். மாடிப்படியை எதிரெதிர் மூலைகளில் இரண்டாக வைத்து, கதவுகளை வெளிப்பக்கம் திறக்கிற மாதிரி போட்டேன். மதுரை இன்ஜினியர் அதைப் பார்த்துவிட்டு, நாம் என்ன பட்டாசுக் கம்பெனியா கட்டுகிறோம் என்று போனில் கேலி செய்தார். ஓட வேண்டிய நேரத்தில் எல்லாக் கட்டடமும் ஒன்றுதான் என்றேன். மாற்றச் சொல்லவில்லை. கீழ்த்தளத்தில் மூன்று பக்கமும் ரோட்டோடு சமமாகத் தரை. படி கூடாது, கிரில் கூடாது, கேட்டு கூடாது. பதினாறு தூண்களில் ரோட்டுப் பக்கம் இருந்த எட்டுத் தூண்களைச் சுற்றித் திட்டு. நடுவில் பெரிய காலி இடம். அதற்குச் சாய்கோடு போட்டதும், கை தானாகப் போய்ப் பழைய பைலில் இருந்த அந்த இரண்டு வரியை எடுத்து வந்து ஒட்டிவிட்டது. பட்டாசுக் கம்பெனி படத்தில் காலி இடம் வந்தால் அந்த வரி வரும். கம்ப்யூட்டரில் அதைத் தனியாகச் சேர்த்து வைத்திருக்கிறேன். முதல் தடவை அது பழக்கதோஷம்தான். அதில் பொய் இல்லை.

ஆனால் சென்னைக்கு அனுப்புவதற்கு முன்னால் பிரிண்ட் எடுத்துச் சரிபார்த்தபோது அந்த வரியைப் பார்த்தேன். அடுக்குமாடிக் கட்டடத்தின் படத்தில் அப்படி எழுத வேண்டிய அவசியமே இல்லை. அழிக்க ஒரு நிமிடம் கூட ஆகாது. நான் அழிக்கவில்லை. நாகையா சார் அந்த வரியை ஆயிரம் தடவை பார்த்துப் பழகியவர், அதனால் அது அவர் கண்ணில் படவில்லை. கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டார்.

ஏன் அழிக்கவில்லை என்று சொல்ல வேண்டுமானால் 2004 ஆகஸ்டுக்குப் போக வேண்டும். சாத்தூர்ப் பக்கம் ஒரு கம்பெனி. படம் நான் வரைந்தது. இரண்டு அறைகளுக்கு நடுவே நான் சாய்கோடு போட்டு விட்டிருந்த இடத்தில், சீசன் ஆர்டர் குவிந்ததும் தகரக் கொட்டகை போட்டு ஆட்களை உட்கார வைத்துவிட்டார்கள். முதல் அறையில் பிடித்த தீ அந்தக் கொட்டகை வழியாக அடுத்த அறைக்குப் போனது. ஐந்து பேர் செத்தார்கள். விசாரணைக்கு என்னையும் படத்தோடு கூப்பிட்டார்கள். அதிகாரி ஸ்கேலை வைத்து அளந்து பார்த்துவிட்டு, படம் சரியாகத்தான் இருக்கிறது, நீங்கள் போகலாம் என்றார். எனக்கு அப்பாடா என்று இருந்தது. பஸ் ஸ்டாப் வரைக்கும் அந்த அப்பாடா கூடவே வந்தது. பஸ்ஸில் ஏறி உட்கார்ந்ததும் அசிங்கமாகிவிட்டது. ஐந்து பேர் செத்த இடத்தில் நான் தப்பித்துக்கொண்டேன் என்று சந்தோஷப்பட்டிருக்கிறேன். அதற்குப் பிறகு அந்த இரண்டு வரியின் எழுத்தை இரண்டு மடங்கு பெரிதாக்கினேன். வேறு என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை.

படம் பாஸாகி வந்து, வேலை ஆரம்பித்து, நாலாவது சிலாப் போடுகிற வரைக்கும் அந்த வரியை யாரும் படிக்கவில்லை. அதற்குள் பாய்க்கு நிலைமை மாறியிருந்தது. மாடியில் ஆபீஸ் எடுக்க யாரும் வரவில்லை. லிஃப்டில் ஏறிப் போய் வியாபாரம் பார்க்க விருதுநகர்க்காரன் என்ன கிறுக்கனா என்று கேட்கிறார்களாம். அந்த நேரம் பார்த்து மதுரையில் இருந்து பெரிய ஜவுளிக்கடை ஒன்று வந்து, கீழ்த்தளம் முழுவதையும் கண்ணாடி போட்டு அடைத்துக் கொடுத்தால் எடுத்துக்கொள்கிறோம் என்று கேட்டது. கீழே கடை வந்தால்தான் மேலே ஆள் ஏறும் என்று வீட்டில் எல்லாரும் சொல்கிறார்கள். பாய் சரி என்று வாக்குக் கொடுத்துவிட்டு வந்து படத்தை விரித்தால், எதுவும் கட்டக்கூடாது என்று முத்திரையோடு இருக்கிறது.

அந்த முத்திரை இருக்கும் வரை கீழே ஒரு செங்கல் வைக்க முடியாது. சென்னையில் விசாரித்ததற்கு ஒரு வழி சொன்னார்களாம். அந்த வரி பட்டாசுக் கம்பெனி படத்தில் இருந்து தவறுதலாக வந்துவிட்டது என்று வரைந்தவரும் சரிபார்த்தவரும் கையெழுத்துப் போட்டுக் கடிதம் கொடுத்தால், திருத்திய படத்தை எடுத்துக்கொள்வார்கள். கடிதம் இல்லையென்றால் எல்லாவற்றையும் முதலில் இருந்து ஆரம்பிக்க வேண்டும். ஜவுளிக்கடைக்காரன் அதுவரை காத்திருக்க மாட்டான்.

பாய் கோபப்படவே இல்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். "ஆசையாத்தான் ஆரம்பிச்சேன்மா, முடியல" என்று மட்டும் சொன்னார். நாளைக் காலை ஏழு மணிக்கு சைட்டுக்கு வருவேன், கடிதத்தை அங்கே கொண்டுவந்து கொடுத்துவிடு, பத்து மணிக்கு மதுரைக்காரர்கள் வருகிறார்கள் என்று சொல்லிவிட்டு, படத்தைச் சுருட்டாமலே கிளம்பிப் போய்விட்டார்.

கடிதத்தை நான்தான் டைப் அடித்தேன். ஏழு வரி. தவறுதலாக என்ற சொல் இரண்டு இடத்தில் வந்தது. நாகையா சார் தன் இடத்தில் கையெழுத்துப் போட்டு என் பக்கம் தள்ளினார். அவர் என்னிடம் ஒரு தடவை கூட முகம் சுளித்துப் பேசியது கிடையாது. அன்றைக்கும் முகம் சுளிக்கவில்லை.

"தப்புன்னு எழுதிக் குடுத்தா ஒரு ஏச்சோட போயிரும் கற்பகம். தெரிஞ்சே எழுதுனதுன்னு ஆச்சுன்னா, பார்க்காம கையெழுத்துப் போட்டவன்னு என் லைசென்ஸுல கை வைப்பாக. நான் எதுவும் சொல்லல. நீ யோசிச்சுச் செய்யி."

நான் யோசித்தேன். இந்த ஆபீஸை விட்டால் எனக்கு வேறு ஆபீஸ் இல்லை. எனக்காக ஒரு நல்ல மனிதரின் லைசென்ஸ் போகலாம். அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்று பார்த்தால், வாளி வைக்க ஒரு திட்டு. எந்தத் தராசில் நிறுத்தாலும் கையெழுத்துப் போடுவதுதான் சரி. பேனாவை எடுத்தேன். என் கையெழுத்துக்கு விட்டிருந்த வெற்றிடத்தைப் பார்த்ததும் அதிகாரி ஸ்கேலை வைத்து அளந்தது ஞாபகம் வந்தது. கையெழுத்துப் போட்டால் படம் இந்தத் தடவையும் சரியாகத்தான் இருக்கும், நானும் தப்பித்துக்கொள்வேன். காலையில் போட்டுக்கொள்ளலாம் என்று கடிதத்தைப் பையில் வைத்துக்கொண்டேன்.

முதல் பஸ்ஸைப் பிடித்து நான் போய்ச் சேரும்போது ஆறே முக்கால். கட்டடம் நாலு மாடிக்கு நின்றது. கீழ்த்தளத்தில் முட்டுக் கம்புகளை எடுத்துவிட்டு, திட்டுகளைக் கட்டி முடித்திருந்தார்கள். பூசவில்லை, பலகையின் தடம் அப்படியே தெரிந்தது. யாரும் அந்தப் பெண்களை வரச் சொல்லியிருக்க மாட்டார்கள். ஆனால் எட்டுத் தூண்களைச் சுற்றியும் தூக்குவாளிகள் இருந்தன. பெண்கள் முதுகைச் சாய்த்துக்கொண்டு நின்று பேசிக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி ஒரு காலைத் தூக்கி மறு முட்டியில் வைத்துப் பாதத்தில் முள் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் வரைந்த ஓர் இடத்தில் மனிதர்கள் சும்மா நிற்பதை முதல் முதலாக அன்றுதான் பார்த்தேன்.  

சின்னத்தாய் என்னைப் பார்த்துவிட்டுத் தன் வாளியை ஒரு பக்கமாக நகர்த்தினாள். "பைய இங்கன வைங்க தாயி. தூரத்துல இருந்து வந்திருக்கீக" என்றாள். வைத்தேன். அவள் வாளிக்கும் இன்னொருத்தி வாளிக்கும் நடுவில் அது சரியாக உட்கார்ந்தது. கொஞ்ச நேரத்தில் வேன் வந்தது. எல்லாரும் அவரவர் வாளியை எடுத்துக்கொண்டு போனார்கள். வாளிகளைக் கழுவிய கையோடு சோறு போட்டு எடுத்து வந்திருப்பார்கள் போல, இருந்த இடத்தில் எல்லாம் ஈர வட்டங்கள் பதிந்திருந்தன.

ஹாமித் பாய் ரோட்டுக்கு அந்தப் பக்கம் காரை நிறுத்திவிட்டு நின்றுகொண்டிருந்தார். எவ்வளவு நேரமாக நிற்கிறார் என்று தெரியாது. வேன் போன பிறகுதான் ரோட்டைத் தாண்டி வந்தார். கடிதம் கொண்டுவந்தாயா என்று கேட்டார்.

"கொண்டாந்திருக்கேன் பாய். கையெழுத்துப் போடல. மொதல்ல பழக்கத்துல வந்துருச்சு, அது நெசம். பெறகு பார்த்தேன். பார்த்துட்டுத்தான் விட்டேன். நாகையா சாருக்கு ஒண்ணும் தெரியாது."

 அவர் கையை நீட்டினார். கடிதத்தை எடுத்துக் கொடுத்தேன். நின்றபடியே ஏழு வரியையும் படித்தார். படித்துக்கொண்டே, தெரியாமலேயே, திட்டில் சாய்ந்துகொண்டார். பிறகு அதை ஒரு தடவை தடவிப் பார்த்தார்.

"இந்த உயரம் யாரு சொன்னது?"

"இப்ப வேன்ல போனாகளே, சின்னத்தாய்னு ஒரு அம்மா. அவுக இடுப்புல வச்சு அளந்தது."

தலையை ஆட்டினார். ரோட்டில் ஜல்லி லாரி ஒன்று போனது, தூசி அடங்குகிற வரைக்கும் இருவரும் நின்றோம். மதுரைக்காரர்கள் வர இன்னும் மூன்று மணி நேரம் இருந்தது. அவர் கடிதத்தைத் திட்டின் மேல் வைத்து, காற்றில் பறக்காமல் இருக்கக் கார் சாவியை அதன் மேல் வைத்தார். சின்னத்தாயின் வாளி இருந்த இடம் அது. கீழே இருந்து ஈரம் ஏறி, நாகையா சாரின் கையெழுத்துக்குப் பக்கத்தில், எனக்காக விட்டிருந்த காலி இடத்தில் வளைவாகத் தெரிய ஆரம்பித்தது. நான் அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவரும் பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டு பேரும் அதை எடுக்கவில்லை.